நெடுந்தீவில் மேய்ந்த கள்ளப் பிரதிகள்

காப்பகம் என்பது யாதெனின், அழியக்கூடிய பொருள்களை அழியவிடாது வைத்திருப்பதற்கென அமைக்கப்பட்ட இடமாகும். கடுதாசியை அழிப்பவை உப்புக்காற்று, ஈரம், கறையான் என மூவகைப்படும். இம்மூன்றும் ஒருங்கே நிறைந்த இடம் வட இலங்கையில் எது என ஆராய்ந்த வல்லுநர் குழுவொன்று, ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு அண்மையில் இருந்த பழைய புகையிலைக் கிட்டங்கியே அது எனக் கண்டறிந்து, தீவகப் புதுமைக்கலை ஆவணக் காப்பகத்தை அங்கேயே நிறுவிற்று. பகைவரோடு ஓரிடத்தில் வாழ்ந்தாலன்றிப் பாதுகாப்பின் அருமை புலப்படாது என்பது குழுவின் துணிபு. இது நிகழ்ந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டில். நாட்டு மக்கள் பாணுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற காலம் அது. கலைக்கு வரிசை இருக்கவில்லை. ஆதலால் காப்பகத்தில் போதிய இடவசதி இருந்தது.

காப்பகத்தின் சேகரிப்பு, பொருள்கள் எனவும் அச்சுகள் எனவும் இருவகைப்பட்டது. பொருள்களுள் சீலை இல்லாத குடையொன்று "மழையின் இன்மை" என்னும் பெயரோடு நின்றது. காரைநகர்ப் படகின் ஓசை அடைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பிஸ்கற் தகரமொன்று, திறந்தால் ஓசை போய்விடும் என்பதால், ஈயம் உருக்கி மூடப்பட்டிருந்தது. அச்சுகளுள் தலையாயது "அச்சிடப்படாத அச்சு" என்பதாகும். மை பூசாத அச்சுப்பொறியினுள் செலுத்தி எடுக்கப்பட்ட பன்னிரண்டு வெள்ளைத் தாள்கள் அவை. அவற்றுள் நான்காவது தாள் பிழையாக அச்சிடப்பட்டுள்ளது எனப் பணிப்பாளர் கண்டுபிடித்து, அதன் மூலையில் "பழுது" எனச் சிவப்பு மையால் எழுதுவித்தார். அத்தொகுதியில் வாசிக்கத்தக்க தாள் அதுவொன்றே.

பார்வையாளர் யாவரும் கையுறை அணிந்தே உட்செல்லுதல் வேண்டும். கையுறைகள் ஓர் அலுமாரியினுள் இருந்தன. அந்த அலுமாரியைக் கையுறை அணிந்த கையாலேயே திறத்தல் வேண்டும். ஆதலால் முதலாண்டில் பார்வையாளரால் யாதொரு சேதமும் விளையவில்லை என ஆண்டறிக்கை பெருமிதத்தோடு கூறியது.

இத்தகைய நிறுவனத்தின் வாயிலிலே, ஒரு தை மாதத்துக் காலைப்பொழுதில், நெடுந்தீவு பஸ்ரியாம்பிள்ளை சாறமும் சால்வையுமாக வந்து நின்றார். தமது இரும்பைத் திரும்பப் பெறுவதே அவருடைய நோக்கம்.

இரும்பின் வரலாற்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். நெடுந்தீவில் மாடுகள் கட்டப்படுவதில்லை. கல்வேலிகளுக்கு அப்பாலுள்ள பொதுவெளியில் அவை தம் விருப்பப்படி மேயும். எது எவருடையது என்பதைத் தொடையில் சுட்ட குறியே சொல்லும். குடும்பத்துக்கு ஒரு குறி. குறிக்கு ஓர் இரும்பு. ஒரே குறிக்கு இரண்டு இரும்பு வைத்திருப்பவன் மாட்டுக்கள்ளன் என்பது தீவின் தீர்ப்பு. ஆதலால் எந்தக் கொல்லனும் இரண்டாவது இரும்பை அடித்துக் கொடுக்கமாட்டான். ஒருவர் தம் மாட்டை இன்னொருவருக்குக் கொடுக்க விரும்பினால், பெறுபவரின் இரும்பை வாங்கித் தாமே காய்ச்சித் தம் மாட்டில் சுட்டுவிடுவார். அவ்வளவே. அதற்கு மேல் நொத்தாரிசும் இல்லை, முத்திரையும் இல்லை. தீவில் பல சீதனங்கள் இவ்வாறே கைமாறியுள்ளன.

ஆண்டுதோறும் மாசியில் பட்டி நாள் வரும். அன்று மாடுகள் யாவும் பட்டிச் சங்கத்தின் பெரிய கல்லுப்பட்டியினுள் ஓட்டிச் சாய்க்கப்பட்டு, வாயிற்படலை சாத்தப்படும். சாத்திய பின்னர் உள்ளே நிற்பவற்றுள் குறியுள்ளவை குறிக்குரியவருக்கு, குறியில்லாதவை சங்கத்துக்கு, சங்கம் அவற்றை ஏலத்தில் விற்கும். இவ்விதிக்கு விலக்கு இல்லை. சங்கத் தலைவர் கனகசபையைப் பெற்ற தாயாரின் கன்றே ஒருமுறை ஏலம் போயிற்று. ஏலம் கூறியவர் கனகசபையே.

பஸ்ரியாம்பிள்ளையிடம் அவ்வாண்டு குறி சுடாத நாகு கன்றுகள், அதாவது பெண்கன்றுகள், மூன்று இருந்தன. முந்திய ஆண்டின் வறட்சி கறவைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. எஞ்சியவற்றுள் பால் கறப்பது ஒன்றே. பிற யாவும் கிழடும் மலடும் எருதுமாக நின்றன. அந்த மூன்று நாகுகளும் ஏலம் போனால் அவருடைய பட்டி அவரோடு முடிந்துவிடும்.

இரும்பு கைவிட்டுப் போனது இவ்வாறு. பாரிஸ் சென்று மீண்ட ஓவியர் குலசிங்கம், முந்திய ஆனியில் நெடுந்தீவுக்கு வந்து, பஸ்ரியாம்பிள்ளையின் வீட்டில் தங்கி, கூழ் குடித்து, கொட்டிலில் செருகியிருந்த இரும்பைக் கண்டு கண்கலங்கினார்.

"அண்ணை, இது இரும்பில்லை."

"இரும்புதான் தம்பி. பாட்டா நிண்டு அடிப்பிச்சவர்."

"ஒரு கிழமைக்குத் தாங்கோ. கடுதாசியில ஒருக்காச் சுட்டுப் பாக்கவேணும்."

"கடுதாசி எரிஞ்சுபோமெல்லோ?"

"அதுதான் அண்ணை கலை."

விருந்தினரின் மடமையை முகத்துக்கு நேரே கூறும் வழக்கம் பஸ்ரியாம்பிள்ளையின் குடும்பத்தில் இல்லை. இரும்பைக் கொடுத்தார். குலசிங்கம் அதனைக் காப்பகத்தின் முற்றத்தில் காய்ச்சித் தடித்த தாள்களில் அழுத்தினார். பல தாள்கள் சாம்பலாயின, பன்னிரண்டு தப்பின. தப்பியவற்றுக்கு "எரிவு" எனப் பெயரிட்டு இலக்கமிட்டார். பின்னர் தாள்களையும் சாம்பலையும் இரும்பையும் காப்பகத்துக்கு அன்பளிப்பாக வழங்கிவிட்டுப் பாரிசுக்கு விமானமேறினார். பிறர் பொருளை அன்பளிப்புச் செய்வதில் அவருக்கிருந்த தாராளத்தை ஆண்டறிக்கை தனியொரு பந்தியில் பாராட்டியிருந்தது.

வாயிற்காவலர் சில்வெஸ்ரர் கரம்பனைச் சேர்ந்தவர். அங்கு நடப்பவை தமக்கு விளங்கவில்லை என ஒப்புக்கொண்ட ஊழியர் அவர் ஒருவரே. ஆதலால் அவருக்குப் பதவியுயர்வு கிட்டவில்லை.

"எங்கால அண்ணை?" என்று அவர் வினவினார்.

"நெடுந்தீவு. என்ர இரும்பு இஞ்ச கிடக்குதாம். எடுத்துக்கொண்டு போவமெண்டு வந்தனான்."

சில்வெஸ்ரர் அவரை இரக்கத்தோடு நோக்கினார். "அண்ணை, இஞ்ச ஒரு சாமான் உள்ளுக்கு வந்தா வந்ததுதான். போன மாரியில என்ர குடை நனைஞ்சு போச்செண்டு மூலையில விரிச்சு வைச்சனான். பின்னேரம் வந்து பாத்தா இலக்கம் போட்டாச்சு. 'மழையின் இருப்பு' எண்டு பேராம். அண்டு துவக்கம் நான் நனைஞ்சு நனைஞ்சுதான் வீட்டை போறன்."

"நீர் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். குடைக்குச் சொந்தக்காரன் இருந்தா அது கலையாகாதாம். அதால நான் இல்லையெண்டு முடிவெடுத்திட்டினம்."

உள்ளே ஆவண அலுவலர் மனோகரி பஸ்ரியாம்பிள்ளையை எதிர்கொண்டார். விதிகளை மனனஞ் செய்தவர். அவற்றுள் ஒன்றையேனும் தாமாக இயற்றாதவர். பஸ்ரியாம்பிள்ளையின் கைகளில் வெள்ளைக் கையுறைகளை மாட்டுவித்துக் கண்ணாடிப் பெட்டியொன்றின் முன் நிறுத்தினார். பெட்டியினுள், சிவப்பு வெல்வெற்றின் மீது, பாட்டாவின் இரும்பு கிடந்தது.

"ஐயோ பிள்ளை, துருப் பிடிச்சுப்போச்சு! நான் மாதத்துக்கு ஒருக்கா இலுப்பெண்ணெய் பூசி வைச்சிருந்த சாமான்."

"துரு பிடிக்கட்டும் ஐயா. துருவுக்கும் தனி இலக்கம் குடுத்திருக்கிறம். அதோட, இது இப்ப இரும்பில்லை. மூல அச்சுரு."

"காய்ச்சினாச் சிவக்குமோ?"

"காய்ச்சக் கூடாது."

"காய்ச்சாட்டி உதால என்ன பிரயோசனம்?"

"பிரயோசனம் இல்லாமப் போனபிறகுதான் ஐயா நாங்கள் ஒரு பொருளைப் பதியிறது," என்றார் மனோகரி. அவர் குரலில் எள்ளளவும் கேலி இருக்கவில்லை. அது விதிக்கோவையின் முதலாம் பிரிவு.

பணிப்பாளர் தியாகலிங்கம் உயர்ந்த கதிரையொன்றில் வீற்றிருந்தார். மேடையில் பேசும் தமிழையே அவர் வீட்டிலும் பேசுவார் எனவும், அதனால் வீட்டார் அவருடன் பேசுவதைக் குறைத்துக்கொண்டனர் எனவும் சொல்லப்பட்டது.

"பெரியவரே, கலை மக்களுக்கே உரியது," என அவர் தொடங்கினார். "ஆதலாற்றான் அதனை மக்களிடமிருந்து எடுத்து இங்கே வைத்திருக்கின்றோம். மக்களிடமே விட்டுவிட்டால் அவர்கள் அதனைப் பயன்படுத்திவிடுவர்."

"மூண்டு கண்டுக்கு மட்டும் சுட்டுப்போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து தாறன் ஐயா. பட்டி நாள் கிட்டுது. அதுக்குள்ள சுடாட்டி மூண்டும் போயிடும்."

"'எரிவு' பன்னிரண்டு பிரதிகளோடு முற்றுப்பெற்ற படைப்பு. பதின்மூன்றாவது பிரதியொன்று வெளிவருமாயின் பன்னிரண்டும் மதிப்பிழக்கும். உண்மையைக் கூறும். இவ்விரும்பினால் வேறெங்கேனும் பதிவு செய்ததுண்டா?"

தம் குடும்பப் பெருமையைப் பற்றி வினவுகின்றார் என எண்ணிய பஸ்ரியாம்பிள்ளை நிமிர்ந்து நின்றார். "பின்னை? இப்ப மட்டும் இருபத்திமூண்டு நிக்குது. எல்லாத்திலயும் வடிவாய் விழுந்திருக்கு. பாட்டாவின்ர காலத்தில நூறுக்கு மேல இருந்ததாம்."

பணிப்பாளரின் முகம் "அச்சிடப்படாத அச்சு" போல வெளுத்தது.

"இருபத்து மூன்று கள்ளப் பிரதிகள்," என்றார். "அவை இப்போது எங்கே?"

"மேயுதுகள்."

"திறந்த வெளியிலா?"

"ஓம்."

"வெயில் படுகின்றதா?"

"வெயிலும் படும், மழையும் படும். உண்ணியும் பிடிக்கும்."

மனோகரியின் கையிலிருந்த பேனை கீழே விழுந்தது.

அவ்வாரமே காப்பகத்தின் ஆய்வுக்குழு நெடுந்தீவுக்குப் புறப்பட்டது. குறிகட்டுவான் வரை ஜீப்பிலும் அப்பால் லோஞ்சிலும் பயணம் நிகழ்ந்தது. நடுக்கடலில் பணிப்பாளர் மூன்று தடவை வாந்தியெடுத்தார். அவற்றைப் பதிவு செய்யவேண்டுமா எனச் சில்வெஸ்ரர் மனோகரியிடம் தாழ்ந்த குரலில் வினவினார்.

பொதுவெளியில் பணிப்பாளர் பூதக்கண்ணாடியோடு மாடுகளின் பின்புறத்தை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார். பஸ்ரியாம்பிள்ளையின் மனைவி திரேசம்மா வேலியோரத்தில் நின்று சற்று நேரம் அதனைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, உவை ஆர்? மாட்டுத் தரகரே?"

"இல்லையடி. கலையாக்கள்."

"தரகர் எண்டாலும் பல்லைப் பாப்பினம்."

"கறுவல்" என்னும் கிழட்டு எருதின் முன்னே, அதாவது பின்னே, பணிப்பாளர் மெய்ம்மறந்து நின்றார். "மனோகரி, இந்தப் பதிவின் ஓரங்களில் ஓடும் நடுக்கத்தைப் பாரும்! ஐரோப்பாவிலும் இதற்கு ஒப்பில்லை."

"அது இலையான் மொய்க்கிறது ஐயா," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "இலையான் இருந்தாத் தோல் நடுங்கும்."

கறுவலுக்கு முதற்றரம் வழங்கப்பட்டது. பால் கறக்கும் ஒரேயொரு மாடாகிய செம்பி, சுட்ட நாளில் துள்ளியதால் அதன் குறி சற்றே சறுக்கியிருந்தது. அதற்குப் "பழுது" எனத் தரமிடப்பட்டது. பின்னர் பணிப்பாளர் பேணல் விதிகளை வாசித்தார். மாடுகள் வெயிலில் நிற்கலாகாது. மழையில் நனையலாகாது. பூச்சி அணுகாவண்ணம் ஒவ்வொன்றின் கழுத்திலும் அந்துருண்டைப் பொட்டலம் கட்டப்படல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுப் பிரதிகள் கிடையாகவே பேணப்படுதல் உலகவழக்கு. ஆதலால் மாடுகள் எக்காலமும் படுத்திருத்தல் வேண்டும்.

"படுத்தே கிடந்தா மாடு செத்துப்போம் ஐயா."

"செத்த பின்னரும் தோல் இருக்குமன்றோ? காப்பகத்தின் பார்வை நீண்டது."

இறுதியாக நிரந்தரக் கடன் உடன்படிக்கை என்னும் தாளொன்று நீட்டப்பட்டது. அதன்படி மாடுகள் காப்பகத்துக்கு உரியனவாகும். பஸ்ரியாம்பிள்ளை ஊதியமற்ற மதிப்புறு பேணுநர் எனப் பட்டம் பெறுவார். தம் மாடுகளை ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பார்வையிடும் உரிமையும் அவருக்கு உண்டு.

"கண்டுகள் ஐயா?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "என்ர மூண்டு நாகும்?"

"அவை இன்னும் வெறுந்தாள்கள். காப்பகம் வெறுந்தாள்களையும் மதிக்கின்றது. ஏலத்தில் எடுத்துக்கொள்வோம்."

பஸ்ரியாம்பிள்ளை கையொப்பமிடவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறித் தாளை மடித்துச் சால்வைத் தலைப்பில் முடிந்துகொண்டார். கழுத்தில் அந்துருண்டை கட்டிய செம்பி அன்று மாலையில் தும்மிக்கொண்டே பாலை அடக்கிக்கொண்டது.

மாசி பிறந்தது. இன்னும் ஒருமுறை இரந்து பார்ப்போம் என்று பஸ்ரியாம்பிள்ளை ஊர்காவற்றுறைக்குச் சென்றார். கிட்டங்கியை நெருங்கியபோது மரம் கருகும் மணம் எழுந்தது. முற்றத்தில் கரியடுப்பு. அடுப்பினுள் பாட்டாவின் இரும்பு செக்கச்செவேலெனச் சிவந்திருந்தது. பணிப்பாளர் விரல் நீட்டிக் காட்டக் காட்ட, தச்சுத் தொழிலாளி ஒருவர் கதிரைகளின் முதுகில் அதனை அழுத்திக்கொண்டிருந்தார். கதிரைகள், மேசைகள், அலுமாரி, பேச்சு மேடை, சில்வெஸ்ரரின் முக்காலி, இரும்பை வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் மரச்சட்டம் ஆகிய யாவற்றிலும் குறி புகைந்தது.

"அண்ணை, நான் கொஞ்ச நேரம் அசையாமல் நிண்டிருந்தா எனக்கும் சுட்டிருப்பினம்," என்றார் சில்வெஸ்ரர்.

பிரதியமைச்சர் ஒருவர் காப்பகத்தைப் பார்வையிட வரவிருந்தார். அதன் பொருட்டு "எரிவு" காப்பகத்தின் சின்னமாகப் பிரகடனம் செய்யப்பட்டிருந்தது.

"ஐயா, கதிரைக்குச் சுடலாம், கண்டுக்குச் சுட ஏலாதோ?"

"சின்னம் பிரதியாகாது," என்றார் பணிப்பாளர். "மேலும், கதிரை நிறுவனத்தின் உடைமை, கன்று உம்முடைய உடைமை. தனியொருவரின் நலனுக்காகக் கலையைப் பயன்படுத்துதல் ஒழுக்கக்கேடு."

"அப்ப இதெல்லாம் ஐயாதான் சுடுவிக்கிறீங்கள்?"

"ஆம். என் ஆணைப்படி, என் கண் முன்னே."

பஸ்ரியாம்பிள்ளை கதிரைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னர், பெரிய மனிதருக்கு எதனையும் இருமுறை சொல்லும் வழக்கம் தமக்கில்லை என்பதை நினைந்து, லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது எனக் கூறிப் புறப்பட்டார். வீட்டில் இதனைக் கேட்ட திரேசம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினார்.

"அந்த மனிசன் தானே சுடுவிச்சதோ? உங்கட குறியை? தன்ர கதிரைக்கு?"

"ஓம்."

"விசரோ அந்தாளுக்கு?" என்றார் திரேசம்மா. "கலியாணமும் இல்லை, சீதனமும் இல்லை, ஏன் சும்மா தந்தவர்?"

பிரதியமைச்சர் வருகையில் மக்கள் திரண்டிருத்தல் இன்றியமையாதது. காப்பகம் தோன்றிய நாள்முதல் அங்கே மக்கள் திரண்டதில்லை. தீவகத்தில் மக்கள் தாமாகத் திரளும் நாள் எது எனப் பணிப்பாளர் ஆராய்ந்தார். நெடுந்தீவின் பட்டி நாள் என அறிந்து, "மக்களை நாடிக் கலை" என்னும் கண்காட்சியை அந்நாளில், அந்தப் பட்டியினுள்ளேயே நடத்தத் தீர்மானித்தார். நாற்புறமும் கல்மதில் சூழ்ந்த அவ்விடம் இயற்கை அருளிய கலைக்கூடம் என்பது அவர் கருத்து. அனுமதி கேட்டபோது சங்கத் தலைவர் கனகசபை மறுக்கவில்லை.

"தாராளமாய் வையுங்கோ ஐயா. படலை சாத்தமுன்னம் எடுத்துப்போடுங்கோ. சாத்தினாப் பிறகு பட்டி வழக்கம்தான்."

நாட்டுப்புறத்தாரின் உபசார வார்த்தை என எண்ணிப் பணிப்பாளர் புன்னகை பூத்தார்.

பட்டி நாளன்று கதிரைகளும் மேசைகளும் அலுமாரியும் மேடையும் படகேறி வந்து கல்லுப்பட்டியினுள் அணிவகுத்தன. குடைகள் இரண்டும் பிஸ்கற் தகரமும் வெள்ளைத் தாள்களும் மேசைகளில் பரப்பப்பட்டன. கண்ணாடிப் பெட்டியினுள் இரும்பு மீண்டும் வெல்வெற்றில் படுத்திருந்தது. பிரதியமைச்சர் வரவில்லை. கடல் குழப்பமாக இருப்பதால் வேலணையில் ஒரு கிணற்றைத் திறந்துவைத்துவிட்டுத் திரும்புகின்றார் எனப் பிற்பகலில் செய்தி வந்தது. எனினும் ஆயத்தம் செய்த உரையை வீணாக்கப் பணிப்பாளர் விரும்பவில்லை. மாடுகள் கூட்டங்கூட்டமாக உள்ளே சாய்க்கப்பட்டன. கதிரைகளுக்கிடையே கொம்புகள் அசைந்தன. பஸ்ரியாம்பிள்ளையின் மூன்று நாகுகளும் கறுவலின் பின்னால் ஒண்டி நின்றன.

"ஐயா, படலை சாத்தப்போறம். சாமானை எடுங்கோவன்," என்று கனகசபை இருமுறை கூவினார்.

பணிப்பாளர் கையமர்த்தினார். "அன்பர்களே! கலைக்கும் வாழ்வுக்கும் இடையே எவ்வித வேலியும் இருத்தலாகாது!"

படலை சாத்தப்பட்டது.

கனகசபை வழக்கம்போல வரிசையாகக் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு மாட்டின் தொடையையும் தடவிப் பார்த்து உரியவரின் பெயரைச் சொல்ல, அவரவர் தம் மாட்டைப் பிடித்துக்கொண்டனர். கறுவல், செம்பி எனப் பஸ்ரியாம்பிள்ளையின் மாடுகள் ஒருபுறம் ஒதுங்கின. அடுத்துக் கனகசபையின் கை ஒரு கதிரையின் முதுகில் பட்டது. அவர் நின்றார். குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"குறி, பஸ்ரியாம்பிள்ளை," என்றார்.

இருவர் கதிரையைத் தூக்கிச் செம்பியின் அருகே வைத்தனர்.

"அது பொதுச் சொத்து!" எனப் பணிப்பாளர் மேடையிலிருந்து கூவினார்.

"அப்பிடியெண்டு எங்க ஐயா சுட்டிருக்கு?"

"அது காப்பகத்தின் சின்னம்! என் ஆணைப்படி சுடப்பட்டது!"

"அப்ப பிரச்சினையே இல்லை," என்றார் கனகசபை. "ஒருத்தர் தன்ர பொருளுக்கு மற்றவற்ற இரும்பாலை தானே சுடுவிச்சா, குடுத்தாச்செண்டு அர்த்தம். என்ர மனிசியின்ர சீதனப் பசுவும் இப்பிடித்தான் வந்தது. மாமா இண்டைக்கும் திருப்பிக் கேக்கேல்லை. அடுத்தது, அலுமாரி. குறி, பஸ்ரியாம்பிள்ளை. அடுத்தது, மேடை. ஐயா, கொஞ்சம் இறங்குங்கோ. குறி, பஸ்ரியாம்பிள்ளை."

கண்ணாடிப் பெட்டியின் முறை வந்தது. சட்டத்தில் குறி தெளிவாக இருந்தது. பஸ்ரியாம்பிள்ளை மூடியைத் திறந்து, வெறுங்கையால், பாட்டாவின் இரும்பை எடுத்தார். அவருடைய கை நடுங்கியது. கறுவலின் தோலில் கண்ட நடுக்கத்தைப் போற்றிய பணிப்பாளர் இதனைக் கவனிக்கவில்லை.

"தலைவர், என்ர மூண்டும் இன்னும் குறியில்லாமல் நிக்குது."

"குறியில்லாததைக் கடைசியாய்த்தான் கூப்பிடுவன்," என்றார் கனகசபை. "அதுக்குள்ள நெருப்பு மூட்டி இரும்பு காய்ச்சேலுமெண்டாக் காய்ச்சும் அண்ணை. நான் உமக்காக நிக்கமாட்டன்."

முதல்நாள் பெய்த மாசித் தூறலில் விறகு ஊறிப்போயிருந்தது. திரேசம்மா பன்னாடையைச் செருகி ஊதினார், புகைந்ததேயன்றிப் பற்றவில்லை. கனகசபையின் குரல் ஒவ்வொரு பெயராக நெருங்கிக்கொண்டே வந்தது. பஸ்ரியாம்பிள்ளை சால்வைத் தலைப்பைத் தடவினார். அதில் உடன்படிக்கைத் தாள் இருந்தது. அதனை எடுத்தார், என்ன நினைத்தாரோ, மீண்டும் முடிந்துகொண்டார்.

அப்போது வெள்ளைக் கையுறை அணிந்த ஒரு கை, தடித்த வெள்ளைத் தாளொன்றை அவரிடம் நீட்டியது.

"மனோகரி! அது 'அச்சிடப்படாத அச்சு'!"

"நாலாம் இலக்கம் ஐயா," என்றார் மனோகரி. "பழுது எண்டு நீங்கள்தான் எழுதுவிச்சனீங்கள். பழுதானதை ஒழிக்கலாமெண்டு ஒன்பதாம் பிரிவில இருக்கு."

தரமான தாள். ஒரே மூச்சில் பற்றி விறகையும் பற்றவைத்தது. இரும்பு சிவந்தது. சில்வெஸ்ரர் பாய்ந்துசென்று முதல் நாகின் கால்களைப் பிடித்துக்கொண்டார். மயிர் கருகும் ஓசை மும்முறை எழுந்தது; மும்முறையும் பணிப்பாளர் கண்களை இறுக மூடிக்கொண்டார். "இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு," எனப் பழக்கதோஷத்தால் மனோகரி உரக்க எண்ணினார். மூன்றாவது நாகு குதித்தெழுந்து கறுவலை நோக்கி ஓடியபோது கனகசபை அதன் வாலைப் பிடித்து நிறுத்திக் குனிந்து பார்த்தார்.

"ஈரம் காயேல்லை," என்றார். "ஆனாக் குறி குறிதான். பஸ்ரியாம்பிள்ளை."

பஸ்ரியாம்பிள்ளை நிலத்தில் அமர்ந்து சால்வையால் முகத்தைத் துடைத்தார். புகை என்று சொன்னார்.

எஞ்சிய குறியில்லாப் பொருள்கள் ஏலம் கூறப்பட்டன. "மழையின் இருப்பை"ச் சில்வெஸ்ரர் ஒரு ரூபாய்க்கு எடுத்து, அங்கேயே விரித்துப் பிடித்துக்கொண்டார். பிஸ்கற் தகரத்தை எடுத்த மீனவர் ஈயத்தைக் கத்தியால் கீறித் திறந்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, தூண்டில் முட்களைப் போட்டுவைக்க உதவும் என்று கொண்டுபோனார். வெள்ளைத் தாள்களைக் கடைக்காரர் ஒருவர் சீனி சுற்றுவதற்கு எடுத்தார். மனோகரி கையுறைகளைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, குறியுள்ள அந்த அலுமாரியின் ஓரத்தைப் பற்றியவாறு எச்சரிக்கையாக நின்றார்.

"இன்னும் ஒண்டு நிக்குது," என்றார் கனகசபை, பணிப்பாளரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு. "எங்கயும் குறியைக் காணேல்லை. கேக்கிறவை கேளுங்கோ."

ஓர் எருது செருமியது.

"ஆரும் இல்லையோ? எழுத வாசிக்கத் தெரியும். நல்லாப் பேசும்."

"தீனி ஆர் போடுறது?" என்றார் திரேசம்மா.

கனகசபை மும்முறை கூவினார். பின்னர் படலைக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். "கேள்வி இல்லை. திறந்து விடுங்கோ, போகட்டும்."

மறுவாரம் பஸ்ரியாம்பிள்ளை ஊர்காவற்றுறைக்குச் சென்றார். கதிரைகளை வைக்க வீட்டில் இடமில்லை எனத் திரேசம்மா உறுதியாகக் கூறியிருந்தார். மாடுகளும் அவற்றில் அமரப்போவதில்லை. ஆதலால் யாவற்றையும் படகேற்றித் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். வெறுமையான மண்டபத்தில் நின்ற பணிப்பாளரின் முன்னே சால்வைத் தலைப்பை அவிழ்த்து நிரந்தரக் கடன் உடன்படிக்கையை விரித்தார். மாடுகள் என்றிருந்த இடத்தில் கதிரைகள் என மாற்றியிருந்தது. பஸ்ரியாம்பிள்ளை என்றிருந்த இடத்தில் காப்பகம் எனவும், காப்பகம் என்றிருந்த இடத்தில் பஸ்ரியாம்பிள்ளை எனவும் மாற்றியிருந்தது. கட்டணமின்றிப் பார்வையிடும் உரிமை மட்டும் பஸ்ரியாம்பிள்ளைக்கே விடப்பட்டிருந்தது. பிற யாவும் பணிப்பாளர் எழுதியவாறே இருந்தன. எழுத்து மனோகரியின் எழுத்தை ஒத்திருந்தது.

ஆண்டுதோறும் பட்டி நாளுக்கு முன்னர் பஸ்ரியாம்பிள்ளை அங்கு வருகின்றார். தமது அலுமாரியைத் திறந்து, தமது கையுறைகளை அணிந்து, தமது உடைமைகளைக் கட்டணமின்றிப் பார்வையிடுகின்றார். உடன்படிக்கையின் ஆறாம் பந்தியிலுள்ள பேணல் விதிகளுக்கு இணங்கக் கதிரைகள் யாவும் வெயில் படாத மூலையில், அந்துருண்டைப் பொட்டலங்களோடு, கிடையாகப் பேணப்படுகின்றன. தெரியாமல் ஒன்றை நிமிர்த்தி அமர முயலும் விருந்தினரைச் சில்வெஸ்ரர் ஓடிவந்து தடுக்கின்றார்.

"இருக்க ஏலாது ஐயா. உது நெடுந்தீவாற்ற சாமான். படுத்துத்தான் கிடக்கவேணும்."

மதிப்புறு பேணுநர் தியாகலிங்கம் அன்று அவ்வுடன்படிக்கையில் நின்றபடியே கையொப்பமிட்டார். அன்றுமுதல் எல்லாவற்றிலும் நின்றபடியே கையொப்பமிட்டு வருகின்றார்.